முன்பு போலவே

4 மார்ச் 2024, திங்கள்

பீலெஃபெல்டில் மழை. மாவு வெட்டும் புது இயந்திரத்தின் கையேடு ஜனவரியிலேயே பேக்கரிகளுக்குப் போய்விட்டது. இன்று அடுத்ததைத் தொடங்கினேன். கையேடுகள் எழுதும் எங்கள் கந்தோரின் சட்டம் ஒன்றுதான்: ஏற்கெனவே மொழிபெயர்த்த வசனத்தைத் தொடாதே. ஜெர்மனில் நான் ஒரு சொல்லை மாற்றினால் இருபத்திரண்டு மொழிகளிலும் மாற்ற வேண்டும். ஜனவரிக் கையேட்டுக்குப் பழைய கையேட்டிலிருந்து நூற்றுக்கு எண்பது வசனங்களை அப்படியே எடுத்தேன் என்று மேலாளர் பிரிங்க்மன் எல்லோர் முன்னிலையிலும் புகழ்ந்தார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான். ஏப்ரலோடு ஒப்பந்தம் முடிகிறது. இந்த முறை வேலையை நிரந்தரமாக்குவார்கள் போல.

6 மார்ச், புதன்

போர்த்துக்கலில் ஒரு பேக்கரியில் ஒருவருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. எங்கள் இயந்திரம். விளக்கு அணைந்ததும் மூடியைத் திறந்து கையை விட்டிருக்கிறார். கையேடு அப்படித்தான் சொல்கிறது: "விளக்கு அணையும் வரை காத்திருக்கவும். பிறகு மூடியைத் திறக்கவும்."

பழைய இயந்திரத்தில் விளக்கு அணைந்தால் கத்தி நின்றுவிட்டது என்று அர்த்தம். புதியதில் அதற்குப் பிறகும் பதினெட்டு வினாடி சுற்றுமாம். எனக்கு இன்றுதான் தெரியும். இன்றுதானா? பொறியியலாளர்கள் அனுப்பிய மாற்றப் பட்டியலில், ஒன்பதாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. புரட்டினேன், வாசிக்கவில்லை.

7 மார்ச்

வலது கை. வயது ஐம்பத்தொன்று. இதற்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை.

8 மார்ச், வெள்ளி

மற்ற பேக்கரிகளுக்கெல்லாம் எச்சரிக்கை போய்விட்டது. அது ஒரு நிம்மதி. ஆனால் பிரிங்க்மன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சந்தேகம் வந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டும் என்று அவர்களுடைய ஒப்பந்தத்தில் இருக்கிறதாம்; கேட்காவிட்டால் பொறுப்பு அவர்களுடையதாம். "போர்த்துக்கேய மொழிபெயர்ப்பாளர் எதுவும் கேட்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். செவ்வாய்க்கிழமை சட்டப் பிரிவுக்கு வேண்டும்."

மேசைக்கு வந்து மொழிபெயர்ப்பாளர்களின் கேள்விப் பட்டியலைத் திறந்தேன். பதினேழாவது கேள்வி, போர்த்துக்கேய மொழிபெயர்ப்பாளர் லூசியா: "புது இயந்திரத்தில் விளக்கும் கத்தியும் ஒரே நேரத்தில் நிற்குமா? உறுதிப்படுத்தவும்."

என் பதில்: "முன்பு போலவே."

நாற்பத்தொரு கேள்விகள், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அநேகமாக எல்லாவற்றுக்கும் அதே பதில். இருபத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான் இதைக் கேட்டிருக்கிறாள். ஆறு வருடமாகக் கேட்கிறாள், ஒவ்வொரு முறையும் மன்னிப்போடு. கேள்விக்காரி என்று இங்கே நாங்கள் கேலி செய்வோம். நானும்தான்.

9 மார்ச், சனி

கணவர் தபோதரனிடம் சொன்னேன். இவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அந்தக் கேள்விப் பைல் வேற ஆரிட்ட இருக்கு?" என்றார். அதுதான் முதல் கேள்வி.

"அவளிட்டயும் இருக்கும். தெரியேல்லை."

"ரெண்டு பிள்ளையள். உம்மட வேலை நிரந்தரமாகிற நேரம். நீர் பொய் சொல்ல வேண்டாம். சும்மா இரும்."

"சும்மா இருக்க ஏலாதப்பா. எழுதித் தரச் சொல்லுகினம்."

இவர் மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. நானும் காலையிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

10 மார்ச்

ஏலாது. கடவுளே, எனக்கு ஏலாது.

11 மார்ச், திங்கள்

எழுதிவிட்டேன். "இந்த வசனம் தொடர்பாகக் கேள்வி எதுவும் பதிவாகவில்லை." சுருக்கம், தெளிவு, ஒரு வசனத்தில் ஒரு செய்தி. பன்னிரண்டு வருடம் பழகிய கை அல்லவா, பொய்யைக்கூட ஒழுங்காக எழுதுகிறது. இன்னும் அனுப்பவில்லை.

மத்தியானம் லூசியாவின் மின்னஞ்சல். "விபத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அந்த மனிதர் எப்படி இருக்கிறார்?" அவ்வளவுதான். என் பதிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறந்துவிட்டாளா? நானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாளா? திட்டி எழுதியிருக்கலாமே. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு அந்தப் பக்கத்தை அனுப்பியிருப்பேன் — வெட்கம் கெட்டவள் நான்.

12 மார்ச், செவ்வாய்

கேள்விப் பட்டியலை அச்சடித்து, கீழே மூன்று வரி எழுதினேன். மொழிபெயர்ப்பாளர் கேட்டார். நான் சரிபார்க்காமல் பதில் சொன்னேன். ஜெர்மன் வசனமே பிழை.

பிரிங்க்மன் இரண்டு தரம் வாசித்தார். "இதை நீங்கள் கொடுக்கத்தான் வேண்டுமா?" மெதுவாகத்தான் கேட்டார். வாய்தவறி "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

சட்டப் பிரிவுக்கு ஒரு பிரதி. லூசியாவுக்கு ஒரு பிரதி.

6 மே, திங்கள்

காலை பத்து மணிக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் டெர்மின் என்று வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டார். பன்னிரண்டு வருட அனுபவம் இருந்தும் ஏன் ஒப்பந்தத்தை நீட்டவில்லை என்று கேட்டார். ஒரு வசனம் பிழையாகப் போய்விட்டது என்றேன்.

"ஒரு வசனத்துக்காகவா?" என்று சிரித்தார்.

ஒருவருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன என்றேன். அவர் படிவத்தை நிரப்பி, அச்சடித்து, என் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவை எந்த விரல்களால் பிடித்திருக்கிறேன் என்று பார்த்தபடியே கையெழுத்துப் போட்டேன்.