சாக்லேட் மீனுக்கு இருட்டு வேண்டும்

நவம்பர் 4, செவ்வாய்

மதியத்திலிருந்து மழை. தோட்டத்து ரோடு முழுக்கச் சகதி. செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரி எல்லாம் தாமதம். எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணி நான், மழை நாளில் கொட்டாவி விடுவதுதான் வேலை.

வீட்டுக்கு வந்ததும் மீன் தொட்டி முன்னால். பெரிய பெட்டை தீனிக்கு வரவில்லை. தாடை உப்பியிருக்கிறது. முட்டையை வாயில் வைத்திருக்கிறது! சாக்லேட் மீனில் தாய்தான் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். இரண்டு வாரம் பட்டினி. பயந்தால் துப்பிவிடும், இல்லை விழுங்கிவிடும். அதற்கு வெளிச்சத்தைக் கண்டால்தான் பெரிய பயம்.

மனைவி மல்லிகாவுக்கு வாட்சாப்பில் சொன்னேன். சிங்கப்பூரில் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில் குரல் அனுப்பினாள். "நெஜமாவா? தீவாளிக்கு வந்து ரெண்டு நாளு தொட்டி முன்னாடியே குந்தியிருந்தேன். வெறும் எலையத்தான் பாத்தேன்." வீடு முழுக்கச் சீரியல் லைட் தொங்கவிட்டால் மீன் எப்படி வெளியே வரும்?

இல்லத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "நீங்க என்ன சொல்றீங்க?" என்றும் கேட்டிருந்தாள். அப்புறம் பேசுவோம் என்று எழுதிப் போட்டேன்.

நவம்பர் 5, புதன்

செய்தவை:
விளக்குக்கும் கண்ணாடி மூடிக்கும் நடுவே பழுப்புத் தாள், மூன்று மடிப்பு.
தொட்டியின் முதுகுக்குக் கறுப்பு அட்டை.
டைமர் கா. 11 முதல் மா. 4 வரை. முன்பு எட்டு மணி நேரம் எரிந்தது.
கால்வாயில் மிதந்த செடி ஒரு வாளி. அலசி மேலே பரப்பியாகிவிட்டது, பாதித் தொட்டி நிழல்.

சட்டை துவைக்கவில்லை. நாளைக்கும் இதே சட்டைதான்.

நவம்பர் 7, வெள்ளி

மா. 7. முச்சந்தியிலிருந்தே தெரிந்தது, வீடு கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கிறது. எல்லாம் பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்காவின் வேலை. சாவி ஒன்று அவளிடம் உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு இருட்டாக இருக்கக்கூடாது, அதிலும் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் அது சட்டம். ஹால், சமையல்கட்டு, வாசல் எல்லாம் போட்டவள் மீன் விளக்கையும் விடவில்லை. பழுப்புத் தாளைக் குப்பை என்று உருவி எறிந்திருக்கிறாள்.

மீன்கள் கண்ணாடியில் முட்டி முட்டித் துடிக்கின்றன. தாய் மீனைக் காணவே இல்லை. கத்திவிட்டேன்.

"மீனு செத்துரும்க்கா! ஒன்னை யாரு கேட்டா?"

"அவதான் இல்ல. வெளக்கும் இல்லாமப் போட்டா வீடா தம்பி இது? ரோட்டுல போறவன் என்ன நெனப்பான்?"

"நெனச்சுட்டுப் போறான்."

"மீனு, மீனுன்னு சாவுறியே. பொண்டாட்டிகிட்ட வந்துருன்னு ஒரு வார்த்த சொன்னியா? அத மொதல்ல சொல்லு லா."

சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நவம்பர் 8, சனி

தாய் மீன் இன்றைக்குத் தென்பட்டது, தாடை இன்னும் உப்பலாக இருக்கிறது. துப்பவில்லை. அப்பாடா. மல்லிகாவுக்கு: "முட்டை பத்திரம்." அவள்: "நல்லதுங்க." சண்டையைப் பற்றிச் சொல்லவில்லை. கையெழுத்தைப் பற்றி அவளும் மறுபடி கேட்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மோட்டார் சைக்கிளில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனேன். அங்கே மரங்களுக்குக் கீழே கெத்தாப்பாங் என்கிற வாதுமை இலை பொறுக்கினேன், காய்ந்தது மட்டும். ஊறினால் தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும். வெளிச்சம் அடங்கும்.

முன்பெல்லாம் இலை பொறுக்க அவளும் வருவாள். மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து என் சட்டைப் பையில் கையை விட்டுக்கொள்வாள், குளிருகிறதாம். இன்றைக்குத் திரும்பும்போது ரந்தாவ் டவுன் வரும் வரை இடது கை பையைத் தொட்டபடியே இருந்தது. அவள் இல்லாமல் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. இதை எழுத முடிகிறது, அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

நான்கு நாளாக அக்கா வரவில்லை. வேலை விட்டு வந்தால் வீடு கும்மிருட்டு. பூட்டுத் துவாரம் தேடி விரலில் கீறல். மீனுக்கு நல்லதுதான். எனக்குத்தான் உள்ளே நுழையவே மனசில்லை.

பிசாங் கோரேங் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பொரித்த வாழைப்பழத்தைத் தட்டில் வைத்ததும் அவளுக்குப் பாதிக் கோபம் போயிற்று. இனிமேல் சாமி விளக்கு மட்டும் ஏற்றுவாளாம்.

"எண்ண வெளக்குக்கு ஒம் மீனு கோவிச்சுக்காதுல்ல?"

"கோவிச்சுக்காதுக்கா."

சாவியைத் திரும்பக் கொடுத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

சாமி விளக்கு வெளிச்சத்தில் ஐந்து மீனும் வெளியே வந்தன! தரையில் உட்கார்ந்து மூச்சை அடக்கிப் பார்த்தேன். தாய் மீன் இலைக்கு இலை மெல்ல நகர்கிறது, வயிறு ஒட்டிப் போயிருக்கிறது.

போனை எடுத்து "வந்துரு மல்லி" என்று எழுதினேன். அழித்தேன். "மீன் வெளியே வந்தது" என்று அனுப்பினேன். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

துவைத்தேன். கறி வாங்கவில்லை, ஒருவனுக்கு என்ன கறி. தாடை அப்படியே.

நவம்பர் 18, செவ்வாய்

குஞ்சு! மிதக்கும் செடியின் வேருக்குள் பதினொன்று எண்ணினேன், இன்னும் இருக்கும். தாய் தீனி எடுத்தது.

மா. 7.15. வீடியோ கால். போனைத் தொட்டியோடு ஒட்டிப் பிடித்தேன்.

"எல்லாம் கறுப்பாத் தெரியுது. லைட்டப் போடுங்களேன்."

"வேணாம் மல்லி, பயந்துரும். நான் சொல்றேன் கேளு, வேர்கிட்ட..."

"மீனுக்கு இல்லைங்க. ஒங்களப் பாக்கணும்."

சமையல்கட்டுக்குப் போய் விளக்கைப் போட்டேன். யூனிபோர்மோடு ஏதோ மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். "கையெழுத்துப் போடாத மல்லி. எனக்கு முடியல. வந்துரு."

தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்துக் காலையிலதாங்க போட்டேன். கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லல. தெனம் மீனப் பத்தி எழுதுனீங்க. நான் இல்லாமலே நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்."