பெயர் நிச்சயமில்லாத வீட்டுப் பாம்பு

ஜூன் 3, செவ்வாய்

கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை பஸ்ஸில் நின்றே பயணம். கால் வலி.

நான் வேலை பார்க்கும் பாம்புப் பண்ணையில், போன மாதம் யாரோ வளர்க்க முடியாமல் கொடுத்துவிட்டுப் போன ஆப்பிரிக்க வீட்டுப் பாம்பு, விஷமில்லாதது. பெண். செங்கல் நிறம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது, மறைப்பானேன்.

மேலாளர் இன்று: "நம்மகிட்ட இருக்கற ஆண் வீட்டுப் பாம்பும் இதுவும் ஒரே இனம்னா ஜோடியா இங்க இருக்கட்டும். வேற இனம்னா வெள்ளிக்கிழமை ஓசூர் பண்ணைக்கு அனுப்பிடலாம், அங்க வேற ஒரு ஆண் வீட்டுப் பாம்பு இருக்கு. தனியா வெச்சுக்க நமக்கு இடமில்ல."

நம் ஆண் கறுப்பு. பாம்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை, செய்யூர்க்காரர், வாய் ஓயாது: "நிறத்த வுடு மேடம். ரெண்டுக்கும் கண்ணாண்ட கோடு கீது. அப்புறம் இன்னா?"

ஜூன் 4, புதன்

புழுக்கம். துணி சோப்பு வாங்க வேண்டும்.

ஒரு புத்தகத்தில் வீட்டுப் பாம்பெல்லாம் ஒரே இனம். இன்னொன்றில் பல இனம். பேரினப் பெயரையே மாற்றியிருக்கிறார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து குழம்புவது ஏனோ பிடித்திருக்கிறது.

இரண்டும் உரித்த சட்டைகளை நனைத்து, கண்ணாடியில் விரித்து, செதில் வரிசை எண்ணினோம். ஏழுமலை கணக்கு வேறு, என் கணக்கு வேறு. நல்ல சண்டை. பார்த்தால், நடு உடம்பில் எண்ணுவதற்குப் பதில் நான் கழுத்தோரம் எண்ணியிருக்கிறேன். இனி ஒரு வாரத்துக்குக் கிண்டல்தான். சரியாக எண்ணினாலும் எல்லா இனத்துக்கும் பொருந்துகிறது. தலையெழுத்து.

ஜூன் 5, வியாழன்

பாம்பு ஆராய்ச்சி செய்யும் தோழி போனில்: "பார்த்துச் சொல்ல முடியாதுடி. எந்த ஊர்ல பிடிச்சதுன்னே தெரியல. நாங்களே முழிக்கிறோம்."

மேலாளரிடம் 'ஒரே இனம்' என்று சொன்னால் முடிந்தது, அவள் இங்கேயே இருப்பாள். யார் கேட்கப்போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்தது. 'தெரியவில்லை' என்றுதான் சொன்னேன்.

மேலாளர்: "தெரியலன்னா ஜோடி சேர்க்கக் கூடாது, குட்டிங்க கலப்பினமாயிடும். அனுப்பிடுங்க."



ஜூன் 6, வெள்ளி

கடற்காற்று. கண்ணெல்லாம் மணல். அவளைப் பருத்திப் பையில் போட்டு, பையைப் பெட்டியில் வைத்து, பெட்டியை வண்டியில் ஏற்றியாயிற்று. அழுகை வந்தது, அழுதேன். ஓசூரிலிருந்து போன், என்ன இனம் என்று. நடந்ததை அப்படியே சொன்னேன்.

"எங்க ஆணுக்கே பேரு நிச்சயமில்ல மேடம். இத எப்படி அதோட சேர்க்கறது? வேணாம்."

மேலாளர் தலையைச் சொறிந்தார். "அப்போ எங்கதான் வைக்கிறது?"

என் மேசையிலிருந்த பிரிண்டரைத் தூக்கித் தரையில் வைத்தேன். ஏழுமலை பெட்டியை இறக்கப் போய்விட்டார்.