இடது கால்

1957 ஏப்ரல் 18, பெரிய வியாழன்.

இன்று கோயிலில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமியார் பாதம் கழுவிய பன்னிரண்டு பேரில் அப்பாவும் ஒருவர். சாமியார் வலது காலை மட்டுந்தான் கழுவி முத்தமிடுவார். அதனால் அப்பா அந்த ஒரு காலைக் காலையிலேயே தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். இடது காலில் நெரவி ஊர் வயலில் மண்வெட்டி பட்ட புண். அதை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக அந்தப் புண்ணைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான்.

வீடு திரும்பியதும் வெந்நீர் கொண்டுபோய் வைத்தேன்.

"அதான் சாமியார் கழுவிட்டாருல்ல?"

"அது வலது காலுப்பா. இதைக் காட்டுங்க."

"பி.ஏ. படிச்சது இதுக்குத்தானாம்மா? நாத்தம் அடிக்கும், விடு."

அடிக்கத்தான் செய்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்திருக்கும். கழுவி முடிக்கும்வரை அவர் கூச்சத்தில் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தார்.

முத்தமிட எனக்கு வரவில்லை. நாளைக்கும் வெந்நீர் வைக்க வேண்டும்.