அக்கரைப்பற்றில் நிற்கும் கார்

மச்சான்,

இன்று பின்னேரம் மருமகன் வழக்கமான நேரம் தாண்டிச் சுணங்கி வந்தார். சட்டைக் கையில் பெற்றோல் மணம். வேன் வழியில் நின்றுவிட்டதாம். மகள், "அப்பிடியா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று ஒரு கேள்வியும் இல்லை. என் வயிற்றில் பிறந்தவளா இவள் என்று இருந்தது எனக்கு.

அந்த மணம் என்னை உங்கள் காரிடம் கொண்டுபோய்விட்டது. இந்த வீடு எனக்குச் சீதனமாக வந்தது. நம் ஊர் வழக்கப்படி நீங்கள்தான் உடுப்புப் பெட்டியோடு இங்கே குடிவந்தீர்கள். உங்களுடையது என்று வாசலில் நின்றது அந்தச் சாம்பல் நிறக் கார் ஒன்றுதான். கல்முனைக்குள் யப்பான் வேன்கள் வரத் தொடங்கிய பிறகும் அந்தக் கிழட்டு இங்கிலீசுக் காரை நீங்கள் விடவில்லை. வீட்டுக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு துரும்பும் இருக்காது. காரில் நீங்கள் ஏறிவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது.

சாகாமத்து வயலுக்கு விடியப் போவீர்கள். போகும்போது கார் ஒரு நாளும் நின்றதில்லை. பின்னேரம் திரும்பும்போது, வழியில் அக்கரைப்பற்றுக்குள் வந்ததும் நின்றுவிடும். அதே ஊரில்தான் எனக்கு முதல் உங்களுக்குக் கலியாணம் பேசிக் குழம்பிப்போன பெண் இருந்தாள். புருஷன் விலகிப்போய் அவள் தனியாக இருப்பதாகவும் காதில் விழுந்திருந்தது. இன்னொரு நிக்காஹ் முடித்து, அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள் என்பதுதான் என் பயம். பயம் என்றா சொன்னேன்? நித்திரையில்லை, சோறு இறங்கவில்லை.

"எவடத்த நிண்ட?" என்று கேட்பேன்.

"அக்கரப்பத்துச் சந்திக்கு இஞ்சால."

"எவ்வளவு நேரம்?"

"அர மணித்தியாலம் இரிக்கும். பிறகு ஒரு தட்டில ஸ்டார்ட் எடுத்திச்சி. என்ன புள்ள, பொலிஸ் மாதிரிக் கேக்கிறா?"

நான் விடவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரில் அந்தந்த நாளின் கட்டத்துக்குள் இடமும் நேரமும் பென்சிலால் எழுதிவைத்தேன். பொய் சொல்கிறவர் என்றாவது மாற்றிச் சொல்லித்தானே ஆகவேண்டும். நீங்கள் மாற்றவே இல்லை. இடமும் அதே, அரை மணித்தியாலமும் அதே. மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

பாண்டிருப்பு மெக்கானிக் பிளக்கை மாற்றினார், பெற்றோல் பம்பைக் கழற்றிப் பூட்டினார், காபரேற்றரைக் கழுவினார். ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரே கதைதான்: "கார்ல ஒண்டுமில்ல தங்கச்சி. இஞ்ச கொண்டந்தா நல்லாத்தானே ஓடுது." எனக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அன்று இரவுச் சோற்றை வைத்தபடியே, குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் பண்ணுங்கள் என்றேன். நீங்கள் கையைக் கழுவிவிட்டு எழும்பினீர்கள்.

"உண்ட சந்தேகத்துக்கு நான் குர்ஆனைத் தூக்க ஏலா. காரையும் நீயே வெச்சிக்க. அதையே விசாரி."

நடந்தே உங்கள் உம்மா வீட்டுக்குப் போனீர்கள். ஒரு கிழமை வரவில்லை.

நீங்கள் சொன்னபடியே விசாரித்தேன். மெக்கானிக்கை வரச்சொல்லிக் கலண்டரை அவர் முன்னால் விரித்தேன். உங்கள் பொய்யை அவர் வாயால் உடைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவர் கட்டம் கட்டமாக வாசித்தார்.

"விடியப் போகக்க ஒருநாளும் நிக்கல்லையா?"

"இல்ல."

"மாரியில?"

"ஓம், மாரி முழுக்க ஒருநாளும் நிக்கல்ல."

"இத முதல்லயே காட்டியிருக்கலாமே தங்கச்சி" என்று தலையைச் சொறிந்தார்.

உச்சி வெயிலில், வாசலிலேயே இஞ்சினை ஓடவிட்டார். முக்கால் மணித்தியாலத்தில் அது இருமிவிட்டு நின்றது. என்னை உள்ளே ஏற்றித் திறப்பைத் திருகச் சொன்னார். நான் வாழ்க்கையில் உங்கள் சீற்றில் உட்கார்ந்தது அன்றுதான். பெரிய வயரைக் கழற்றி இஞ்சின் இரும்புக்குக் கிட்டப் பிடித்தார். பொறி இல்லை. கரண்டைக் கூட்டிப் பிளக்குக்கு அனுப்பும் கொயிலைத் தொடச் சொன்னார். விரல் வெந்தது. ஈரச்சீலையை அதன்மேல் சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தோம். மறுபடி திருகினேன். நீலப் பொறி பாய்ந்தது.

"சூடேறினா செத்துரும், ஆறினா உயிர் வரும். சாகாமத்தில இருந்து ஓடிவந்தா அக்கரப்பத்திலதான் அந்தச் சூடு பிடிக்கும். ஆள் பொய் சொல்லல்ல."

அன்றே உங்கள் உம்மா வீட்டுக்குப் போனேன். உம்மா, உங்கள் தங்கை, பக்கத்து வீட்டார் எல்லாரும் இருக்க, "பிழை என்னிலதான். இனி ஏன் சுணக்கம் எண்டு ஒருநாளும் கேக்க மாட்டன்" என்றேன். உங்கள் உம்மா, "வல்லாஹி சொல்லு" என்றார். சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சாரத்தை மடித்துக் கட்டி என்னோடு புறப்பட்டீர்கள். புதுக் கொயில் போட்ட பிறகு கார் எங்கும் நிற்கவில்லை. நானும் நிம்மதியாகத் தின்றேன், தூங்கினேன்.

அடுத்த கோடையில் ஒரு நாள் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் வந்து இறங்கினீர்கள். நான் கேட்கவே இல்லை. நீங்களாகத்தான் சொன்னீர்கள்: "அந்தக் கொயில்தான் புள்ள. திரும்பவும் அக்கரப்பத்தில நிண்டுட்டு." சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனீர்கள்.

நான் வாசலுக்குப் போய்ப் பொனட்டில் கை வைத்தேன். அக்கரைப்பற்றிலிருந்து ஓடிவந்த காரின் பொனட்டில் பூனைகூட அரை மணித்தியாலம் கழித்துத்தான் ஏறும். அன்று அது குளிர்ந்து கிடந்தது. அந்தக் கார் அக்கரைப்பற்றிலிருந்து வரவில்லை, மச்சான். நம் ஊருக்குள்ளேயே, நாலைந்து தெருவுக்குள், எங்கோ வெகுநேரம் நின்றுவிட்டு வந்திருந்தது.

அல்லாஹ்வின் பேரில் சொன்ன வார்த்தை என் வாயைக் கட்டிவிட்டது. ஒருமுறை பிழையாகக் கேட்டவள் மறுமுறை சரியாகக் கேட்கவும் முடியாதே. சிலவேளை சின்னக் காரணமாக இருந்திருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள், நானும் நம்பியிருப்பேன். பதினெட்டு வருசம் ஒரே பாயில் படுத்தோம். உங்களை எனக்கு உயிராகப் பிடித்திருந்தது, அது வேறு.

உங்கள் மையித்தை இந்த வீட்டில்தான் கிடத்தினார்கள். ஊர்ப் பெண்கள் வந்து வந்து போனார்கள். நான் சுவரில் சாய்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், எவள் கூடுதலாக அழுகிறாள் என்று. பார்த்துக்கொண்டே இருந்ததில், உங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது, நான் அழவே இல்லை. அந்த அழுகை இன்னும் என்னிடமே கிடக்கிறது.