லேப்டாப்பில் பெய்த மழை

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

இரவு ஷிப்டு முடித்து வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. பகலில் எங்கள் தெரு மொத்தமும் வேலைக்குப் போய்விடுகிறது. வீட்டுக்குள் ஃபேன் சத்தம் மட்டும்தான். மனைவி பிரபா இங்கே இருந்தவரை மிக்ஸி ஓடும், பாத்திரம் உருளும், குழாயடியில் யாரோடாவது பேச்சு நடக்கும். அத்தனைக்கும் நடுவில் அடித்துப் போட்டதுபோல் தூங்கியவன் நான்.

மகள் மதிவதனிக்குக் குழந்தை பிறந்ததும், "மூணு மாசம் பாத்துக்கிட்டு வந்துடறேன்" என்று ஓசூருக்குப் போனாள். இப்போது எட்டாவது மாதமோ ஒன்பதாவதோ. எண்ணக்கூடாது என்று இருக்கிறேன்.

செராமிக் கம்பெனியில் சூளைக்குக் காவல் மாதிரி ஒரு வேலை எனக்கு. சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேற்று அங்கேயே கண் அசந்துவிட்டேன். சூப்பர்வைசர் திருமால் தோளைத் தட்டி எழுப்பினான். "அண்ணே, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உங்கள பகல் ஷிப்டு பேக்கிங்குக்கு மாத்திடுவேன், வருத்தப்படாதீங்க."

நல்லதுதானே என்பார்கள். பகல் வேலைக்குப் போனால் ராத்திரியெல்லாம் இந்த வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டும். சூளைப் பக்கம் நாலு ஆள் இருக்கிறார்கள், டீ வருகிறது. எனக்கு அதுவே போதும்.

ஆகஸ்ட் 7

மதிவதனி விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. திறந்தால் மழை, காற்று, ஆறு, தவளை, இடி என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கோடு, அதில் ஒரு பொட்டு. பொட்டை நகர்த்தினால் சத்தம் கூடும், குறையும். போனில் கேட்டேன். "பரீட்சை சமயத்துல படிக்கப் போட்டதுப்பா. எங்கயும் போயி பதிவு பண்ண சத்தமில்ல, கம்ப்யூட்டரே உண்டாக்குது. ஒருதரம் வந்தது மறுபடி அப்படியே வராது" என்றாள். எதற்குக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. குழந்தை அழுதது, வைத்துவிட்டாள்.

ஆற்றை ஏற்றிப் பார்த்தேன். எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் மணலைத்தான் பார்க்கிறோம். லேப்டாப்பில் இரு கரை தொட்டு ஓடுகிறது!

ஆகஸ்ட் 8

மழை நிறைய, காற்று கொஞ்சம், தவளை ஒரு சிட்டிகை. மத்தியானம் வரை தூங்கினேன்.

ஆகஸ்ட் 11

பொட்டை நகர்த்திக்கொண்டிருக்கும்போதே பிரபாவின் போன். நிறுத்த மறந்துவிட்டேன்.

"என்னங்க, அங்க மழையா? கொடியில துணி கெடக்குதா?"

"ம். இப்பத்தான் புடிச்சுது. துணியெல்லாம் எடுத்துட்டேன்."

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. எதற்குப் பொய் சொன்னேன்? லேப்டாப் என்று சொன்னால் ஏன் என்பாள். தூக்கம் வரவில்லை என்றால் அதற்கும் ஏன் என்பாள். அப்புறம் நான் 'எப்ப வர?' என்று கேட்க வேண்டி வரும். அவள் வந்துவிட்டால் குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் மதிவதனி வேலையை விட வேண்டும். அதனால் மழை.

ஆகஸ்ட் 14

"இன்னிக்குமா மழை?" என்றாள் பிரபா. "ஆமா, விடாம ஊத்துது" என்றேன். ஊருக்கே பெய்யாத மழை, என் ஒருவனுக்கு மட்டும் தினமும். பிறகு, "குடை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

ஆகஸ்ட் 19

இன்று பெரிய வம்பாகிவிட்டது.

மழை பழகிப்போய்த் தூக்கம் மறுபடி தள்ளிப்போனது. ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்து இடியையும் சேர்த்து, சத்தத்தை நன்றாக ஏற்றிவிட்டுப் படுத்தேன். கண் மூடியிருக்கும்போது கதவு உடையும்படி தட்டல். பக்கத்து வீட்டுக் கொளஞ்சி. கை முழுக்க மண்.

கொலுவுக்காக அச்சில் ஊற்றிய மயில் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி வாசலில் காயவைத்திருக்கிறாள். இன்னும் சூளைக்குப் போகாத பச்சை மண், ஒரு தூறல் பட்டாலும் போச்சு. அடுப்படியில் இருந்தவள் இடியைக் கேட்டு ஓடிவந்து பலகையைத் தூக்கியிருக்கிறாள். நிலைப்படி தட்டி எல்லாம் கீழே.

"ஏண்ணே, ஊரெல்லாம் வெயிலு கொளுத்துது, உங்க வூட்டுல மட்டும் எப்படிண்ணே இடி இடிக்குது?"

"வானத்தப் பாக்க வேணாமா நீ?"

"இந்தத் தொழில்ல இடி கேட்டா கை மொதல்ல ஓடும்ணே. கண்ணு அப்புறந்தான்."

கழுத்தொடிந்து கிடந்த மயில்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. மண்ணைக் கரைத்து மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்தான். ஊற்றிக் காயவைத்த உழைப்பு? லேப்டாப்பைக் காட்டினேன். தவளையை அவளே ஏற்றி இறக்கிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "எத்தன நாளா தூங்கலண்ணே?" என்றாள். லேப்டாப்பை மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 20

ஷிப்டுக்கு முன் கொளஞ்சி வாசலில் உட்கார்ந்து, அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் எழும்பும் பிசிரைச் சீவிக் கொடுத்தேன். பிராயச்சித்தம். "அக்காகிட்ட சொன்னீங்களா?" என்றாள். குனிந்து வேகமாகச் சீவினேன். ஒரு மயிலுக்குக் கொண்டை போய்விட்டது.

ஆகஸ்ட் 22

கொளஞ்சி சொல்லிவிட்டாள்! காலையில் பிரபா கூப்பிட்டாள்.

"கொளஞ்சி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? மொத நாளே தெரியும். நம்ம தகர சீட்டு வூட்டுல மழ பேஞ்சா பக்கத்துல நிக்கிறவங்க பேசுறதே கேக்காது. நீங்க பேசுனது போன்ல தெளிவா கேட்டுது."

"அப்ப எதுக்கு துணி, குடைன்னெல்லாம் கேட்ட?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

சொன்னேன். முடியல பிரபா, வூடு வூடாவே இல்ல, வந்துடுன்னு சொன்னேன். இத்தனை வயசில் போனில் அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவளும் மூக்கை உறிஞ்சினாள். "இவ வேலைக்குப் போவணுங்க. ஒரு வயசு முடியட்டும், அப்புறம் புள்ளைய எங்கயாவது வுட்டுக்கலாம்னு பேசிக்கிறாங்க. அதுவரைக்கும் வர முடியாதுங்க." ஆக, வரமாட்டாள். இப்போதைக்கு இல்லை. சரி என்றேன்.

வைக்கப் போனேன். "வைக்காதீங்க. போன தலமாட்டுல வச்சிட்டுப் படுங்க. நான் சமைக்கப் போறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 23

போனில் குக்கர் விசில். பக்கத்து ஃப்ளாட்காரியோடு தண்ணீர் லாரி பற்றிய சண்டை. குழந்தையைக் கொஞ்சல். நடுவில் எப்போது தூங்கினேனோ தெரியாது.

ஆகஸ்ட் 29

திருமால் என் முகத்தை உற்றுப் பார்த்தான். "பேக்கிங் பேச்சே இனி இல்லண்ணே" என்றான். தூங்கி எழும்போது வீடு பழையபடி காலிதான். அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு டம்ளர் எடுத்தாலும் அந்தச் சத்தம் எனக்கே திரும்பக் கேட்கிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

விழித்துப் பார்த்தால் போன் செத்துக் கிடந்தது. சார்ஜில் போட்டதும் பிரபாவின் மிஸ்டு கால்கள் வந்து குவிந்தன. குழந்தைக்கு ஏதாவதா? உடனே கூப்பிட்டேன். பின்னால் குழந்தை வீறிட்டு அழும் சத்தம்.

"என்ன பிரபா? என்ன ஆச்சு?"

"ஏன் போன வச்சீங்க? தூங்குன புள்ள முழிச்சிக்கிட்டா."

"நான் போன வச்சா அவ ஏன் முழிக்கிறா?"

"ஒரு வாரமா உங்க கொறட்டையிலதான் தூங்குறா. தொட்டில் பக்கத்துல ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருக்கேன். பாட்டு போட்டேன், ஃபேன் போட்டேன், உங்க லேப்டாப்புல இருக்கிற அதே மழையக்கூட மதி அவ போன்ல போட்டுப் பாத்தா. எதுக்கும் அசையல. சார்ஜ் போட்டுட்டு மறுபடி படுங்க, சீக்கிரம்."

சார்ஜர் வயர் தலைமாட்டுக்கு எட்டவில்லை. கட்டிலைச் சுவர்ப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தேன்.