கழுவிய ராணி ரூபாய்

என்னவருக்கு,

பழைய காசு பார்க்கப் புதூருக்குப் போன நீங்கள் அனுப்பியதாக ஒருவர் வந்திருக்கிறார். "அண்ணாச்சிதான் அனுப்புனாவ. பெட்டியில உள்ள காசையெல்லாம் வாங்கிட்டு வரச் சொன்னாவ" என்றார். அடையாளத்துக்கு, உங்கள் சட்டைப்பையை விட்டு அகலாத விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயைக் கொடுத்தார். உங்கள் போன் நேற்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ராணியின் கன்னத்தில் அதே கீறல். நம் ரூபாய்தான். ஆனால் பளபளவென்று இருக்கிறது.

கல்யாணமான புதிதில் நான் ஒரு காசைப் புளி போட்டு விளக்கியபோது, "ஏட்டி, கழுவுன காசுக்கு ஏது தரம்?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை நீங்கள். அப்புறம்தான் தரம் பார்க்கவே சொல்லிக்கொடுத்தீர்கள். இதை யார் கழுவியது என்று அவரிடம் நான் கேட்கவில்லை. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் கருஞ்சிவப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கரிசல் மண்ணாகத்தான் இருக்கும்.

அவர் வாசலில் டீ குடிக்கிறார். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். இந்த ரூபாய்க்கு என்ன தரம் என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு பெட்டியைத் தருகிறேன்.

ரூபாய் என்னிடமே இருக்கட்டும். இனி அதை யாரும் கழுவ விடமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி