ஐம்பது நிமிடம் பிந்தும் கடிகாரம்

செம்பவாங்
14.10.1962

அன்பு மகன் அழகப்பனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கை லீலாவும் இங்கே சுகம், லிவர்பூல் குளிரில் நீயும் சுகமாக இருக்க முருகன் பார்த்துக்கொள்வான். கடல் ஏறுவதையும் வற்றுவதையும் காட்டும் கடிகாரம் என்று நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தோம், பெட்டி வந்தது, அதுவும் சந்தோஷம்தான். நான் டாக்யார்டில் வேலையாக இருந்தபோது அம்மா அதை ஹாலில் மாட்டிவிட்டாள். மேலே ஏற்றம், கீழே வற்றம் என்று இங்கிலீஷ் எழுத்து, முள் ஒன்றே ஒன்று, தினமும் ஐம்பது நிமிடம் பிந்துகிறது. வெள்ளைக்காரன் என் பிள்ளை தலையில் ஓட்டைக் கடிகாரத்தைக் கட்டிவிட்டான் என்று முடிவுகட்டி, எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறி, சிராங்கூன் ரோட்டில் கடிகாரம் பழுது பார்க்கும் ஜலாலுதீனிடம் கொடுத்துவிட்டாள். அவர் கெட்டிக்காரர். இன்னொரு முள் விழுந்துபோயிருக்கும் என்று நினைத்து நீளமாக ஒன்றை மாட்டி, பிந்துவதையும் நிறுத்தி, நிமிடம் பிசகாமல் ஓட வைத்துவிட்டார். மணி பார்க்க அருமையான கடிகாரம். கடலுக்குத்தான் ஒத்துவரவில்லை.

இது தெரியாமல் நான், ஞாயிறு மாலை ஆறு மணிக்குச் சின்ன முள் வற்றத்தைக் காட்டும், சிப்பி பொறுக்கலாம், என் மகன் கடிகாரம் பொய் சொல்லாது என்று பெருமையடித்து, டாக்யார்ட் ஆட்கள் ஆறு பேரைக் கூட்டிப்போனேன். தண்ணீர் இடுப்பளவு நின்றது. அடுத்த வீட்டுப் பரமசிவம், முங்கித்தான் எடுக்கணும் லா அண்ணே என்றான். காலி வாளிகளோடு திரும்பினோம். பிறகுதான் பெட்டியின் அடியில் உன் சீட்டு கிடைத்தது. நிலா தினமும் ஐம்பது நிமிடம் பிந்தி வருகிறது, அதன் இழுப்பில் கடலும் பிந்துகிறது, ஆகவே முள் ஒரு சுற்று வர பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் எடுக்கும், பௌர்ணமியன்று ஏற்றம் நிரம்பும்போது முள்ளை உச்சியில் வைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். லீலா கல்யாணத்துக்கு வருவதைப் பற்றி எழுதியது 'பார்க்கலாம்' என்ற ஒரே சொல். ஜலாலுதீன் வெட்கப்பட்டு, நீள முள்ளைக் கழற்றி, பழையபடி பிந்த வைத்துக் கொடுத்துவிட்டார்.

தை இருபதாம் தேதி முகூர்த்தம். பெண்ணின் கையில் பொரி போட உடன்பிறந்தவன் வேண்டும். மாப்பிள்ளை வீட்டார், பரமசிவத்தை நிறுத்திக்கொள்ளலாமே என்கிறார்கள். லீலா, அண்ணன் போடாத பொரி எனக்கு வேண்டாம்ப்பா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. கப்பல் டிக்கெட்டை இந்த மாதமே எடு. கடல் தினமும் பிந்தித்தான் வருகிறது, நான் ஒன்றும் சொல்வதில்லை. நீயும் ஐம்பது நிமிடம் பிந்தி வா, பொரித்தட்டோடு நின்றுகொண்டிருப்பேன். வராமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அப்பா
தங்கராஜு